வலைக்கூடத்தில் ஒரு நூலகம்: காரைக்காலுக்கு ஒரு சனிக்கிழமைப் பயணம்

காரைக்காலுக்கு நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. கோயில், கடற்கரை, பழைய பிரெஞ்சுக் கட்டடம் என்று படங்களை எதிர்பார்த்து இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்கவும். நான் போனது ஒரு நூலகத்தைப் பார்க்க. அதுவும் ஆசைப்பட்டுப் போகவில்லை, வேறு வழி தெரியாமல் போனேன். உங்கள் ஊரிலும் ஒரு நூலகம் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தால், அதை யாரோடு சேர்ந்து காப்பாற்றுவது என்று தெரியாமல் நீங்களும் விழித்துக்கொண்டிருந்தால், இந்தப் பயணம் உதவலாம். அதனால் நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்கு மேற்கே பதினான்கு கிலோமீட்டர். அங்கே இருக்கும் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கு நான் செயலாளர். தொலைபேசி அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தபோது, சும்மாதானே இருக்கிறாய் என்று இந்தப் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். நூலகத்துக்குத் தன் வீட்டு முன்கட்டை வாடகையில்லாமல் கொடுத்திருந்த பெரியவர் போன வருடம் காலமாகிவிட்டார். மகன்கள் இடத்தைக் கேட்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, இத்தனை வருடம் பொறுத்ததே பெரிது. மாதக் கடைசிக்குள் ஊரார் வேறு இடம் காட்டினால் நூலகம் ஊரிலேயே இருக்கும், இல்லாவிட்டால் புத்தகங்களைப் பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நூலகத்தோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பதினொரு கிலோமீட்டர் போய்ப் புத்தகம் எடுக்கிறவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. நானே போகமாட்டேன்.

பத்து மாதம் அலைந்தேன். கல்யாண மண்டபத்துக்காரர், பள்ளித் தாளாளர், அரிசி ஆலை முதலாளி, நகைக்கடைக்காரர் என்று பார்க்காத ஆளில்லை. எல்லோரும் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். யாரும் இடம் கொடுக்கவில்லை. காபி குடித்துக் குடித்தே எனக்கு அல்சர் வந்துவிட்டது. இப்படிச் சலித்துப்போயிருந்த நேரத்தில் பழைய அலுவலகத் தோழி ஒருத்தி, காரைக்கால் கடலோரத்தில் ஒரு மீனவர் குப்பமே சேர்ந்து நூலகத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது, போய்ப் பாரேன் என்றாள். நூலகரின் எண்ணையும் அனுப்பினாள். அவர் பெயர் ரஹ்மத்துன்னிசா. போனில் பேசினேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க என்றார்.

சனிக்கிழமை என்றதும் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

காலை 5.20க்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். கும்பகோணம் வரை டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 6.10க்குப் பேரளம், திருநள்ளாறு வழியாகக் காரைக்கால் போகும் பஸ். தூரம் சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் 42 ரூபாய். எட்டேகாலுக்குப் போய்விடும் என்றார் கண்டக்டர். ஏறியவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் எள் பொட்டலமும் மாற்றுத் துணியும் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை, திருநள்ளாறு, சனீஸ்வரர். நாட்டில் ஏழரை நடக்கிறவர்கள் எல்லோரும் இந்த ஒரு பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது, ஆனால் முழங்காலை மடக்க இடமில்லை.

அம்பகரத்தூர் வந்தால் புதுச்சேரி எல்லை. சாலையோரத்தில் மதுக்கடைப் பலகைகள் வரிசை கட்டி நிற்பதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். திருநள்ளாற்றுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, 7.50க்கு, பஸ் நின்றது. முன்னால் வேனும் காருமாக அடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சுரக்குடிக்காரர், உரக்கடைப் பையோடு வந்தவர். அரை மணி பார்த்தார். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வயல் வழியாக நடந்தாலே போய்விடலாம் என்று இறங்கிப் போய்விட்டார். நான் போக வேண்டிய இடத்துக்கு வயல் வழி கிடையாது. காரைக்கால் பஸ் நிலையத்தில் இறங்கியபோது மணி 9.25.

பஸ் நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு டீ, 62 ரூபாய். காபியைத் தொடவில்லை. அங்கிருந்து கிளிஞ்சல்மேட்டைத் தாண்டி, கடலோரமாக ஆறு கிலோமீட்டர் போகவேண்டும். குப்பத்தின் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை. ஆட்டோக்காரர் பெயர் பீட்டர். லைப்ரரிக்குப் போகணும் என்றேன். அந்தப் பக்கம் லைப்ரரி எதுவும் கிடையாதே என்றார். நூலகர் அம்மா பெயரைச் சொன்னேன்.

"வலைக்கூடம்னு சொல்லுங்க. லைப்ரரின்னா யாருக்குத் தெரியும்?" என்றார். 200 ரூபாய் கேட்டார், 150க்கு வந்தார். வழியெல்லாம் தன் பெண்ணுக்கு வேளாங்கண்ணியில் வேண்டிக்கொண்ட கதையைச் சொன்னார். கேட்கிற நிலையில் நான் இல்லை, ஆனாலும் உம் கொட்டினேன்.

வலைக்கூடம் என்பது சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த ஒரு நீளமான கூடம். தகரக் கூரை, இடுப்பளவுச் சுவர், மற்றபடி காற்றுதான். மீனவர்கள் வலை பின்னவும் கிழிசல் தைக்கவும் உட்காரும் இடம். நான் போனபோது தரை முழுக்கப் பச்சை வலை பரந்துகிடந்தது. எட்டுப் பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். புத்தகம் என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. சுவரோரமாக நீல நிற மீன் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, முக்காட்டைச் சரிசெய்தபடி ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவர்தான் ரஹ்மத்துன்னிசா.

நான் முகத்தைத் தொங்கப்போட்டிருப்பேன் போலிருக்கிறது. "லீவு இல்லீங்க. இன்னிக்கு வலை வேலை, அதனால நூலகம் கொஞ்சம் ஒதுங்கி இருக்கு. உக்காருங்க" என்று எனக்கும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். பெட்டிக்குள் புத்தகங்கள், முதுகு மேலே தெரியும்படி வரிசையாக. கழுவிக் காயவைத்த பெட்டிகள்தான், இருந்தாலும் மூக்குக்குத் தெரிந்தது. முதலில் இரும்பு அலமாரி வைத்திருந்தாராம். உப்புக்காற்றில் ஒரே வருடத்தில் கதவு திறக்காமல் போயிற்று. வலை வேலை வரும் நாளில் அலமாரியை நகர்த்தவும் முடியவில்லை. ஊர்க்காரர் ஒருவர்தான் மீன் பெட்டி யோசனை சொன்னார். வலை விரிக்கும் நாளில் நாலு பேர் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் நூலகம் சுவரோரம் போய்விடும், வேலை முடிந்தால் திரும்ப வந்துவிடும். கூடத்தின் சாவி ஊர்ப் பஞ்சாயத்தாரிடம். நூலகரிடம் கிடையாது. காலையில் யாராவது திறந்துவிட்டால்தான் உண்டு.

சாவிகூட உங்களிடம் இல்லையா என்று நான் கேட்டேன். கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை.

"அவங்க எடங்க. நான் வந்து போறவ" என்றார்.

எனக்கு வேண்டியது வழிமுறை. யாரைப் பார்த்தீர்கள், என்ன எழுதிக் கொடுத்தீர்கள், எத்தனை நாள் ஆயிற்று, இதெல்லாம் எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைப் பற்றி இரண்டே வரிதான் சொன்னார். பழைய வாடகை அறை மழையில் ஒழுகியது, புத்தகத்தை மட்டும் நனையாமல் வைத்துக்கொள்கிறீர்களா என்று ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கேட்டார், அவர்கள் வலைக்கூடத்தில் பாதியைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தான் செய்த தப்பைத்தான் விரிவாகச் சொன்னார். வந்த வேலைக்குச் சம்பந்தமில்லாததைச் சொல்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். நூலகம் இங்கே வந்து ஆறாவது மாதம், அறுபத்து மூன்று புத்தகங்கள் திரும்பவில்லை. ஆண்டுச் சரிபார்ப்புக்கு ஆள் வரப்போகிறார்கள். ரஹ்மத்துன்னிசா பட்டியல் எழுதி, ஊரும் நூலகமும் ஒன்றாகத்தானே வேலை செய்கிறோம் என்று அதைப் பஞ்சாயத்தாரிடம் கொடுத்துவிட்டார். சொல்லி வாங்கித் தாருங்கள் என்று மட்டும்தான் சொன்னார். குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் படகு கடலுக்குப் போகாது, சொன்னால் போகும். அவர்கள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர்கள் இல்லை. அன்று சாயங்காலமே கோயில் மைக்கைப் போட்டு, பெயரையும் வீட்டையும் சொல்லி, அறுபத்து மூன்றையும் வாசித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் அத்தனை புத்தகமும் வந்துவிட்டன. ஒன்று பாக்கியில்லை.

"நான் சந்தோஷமா போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்புனேங்க. ஊரோட சேந்து வேலை செஞ்சா எப்படி நடக்குது பாருங்கன்னு எழுதி அனுப்புனேன்" என்று சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. பேப்பர் படிக்கும் நாலைந்து ஆண்கள் மட்டும் வந்து போனார்கள். பெண்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பிள்ளைகளையும் அனுப்பவில்லை. பெட்டிகள் நிரம்பி வழிந்தன, எடுக்கத்தான் ஆளில்லை. அலுவலகத்தில் பாராட்டியவர்களே, ஆள் வராத இடத்தில் நூலகம் எதற்கு என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெட்டிகளைக் காவல் காக்கத்தான் தினம் காரைக்காலிலிருந்து வந்து போனேன் என்றார் ரஹ்மத்துன்னிசா. ஏன் வருவதில்லை என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டார். வேலை இருக்குங்க என்று மட்டும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பன்னிரண்டரை மணிக்கு மீன் விற்றுவிட்டு வந்த பெண்கள் சிலர் கூடத்து நிழலில் உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் வசந்தா. கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டீச்சர் என்ன கதை சொல்றாங்க என்று எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரஹ்மத்துன்னிசாவை அந்த ஊரில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மைக் கதை என்றதும் வசந்தாவின் முகம் மாறியது. அவர் பெயர் பட்டியலில் பதினோராவது. எடுத்திருந்தது தையல் புத்தகம். மகள் ரவிக்கை தைக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அளவுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்துகொள்ள நாலு மாதம் ஆகிவிட்டது. நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றித்தான் வைத்திருந்தாராம்.

"மைக்குல பேரு வாசிக்கிறது யாருக்கு? களவாண்டவனுக்கு, குடிச்சிட்டு அடிச்சவனுக்கு. நான் புக்கு படிச்சதுக்கு வாசிக்கிறாங்க" என்றார் வசந்தா. "அன்னிக்கு ராத்திரி எங்கூட்டுல ஒருத்தரும் சாப்புடல."

அவர்தான் கடைசியில் வாயைத் திறந்தவர். இரண்டு மாதம் கழித்து, ரஹ்மத்துன்னிசா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது எதிரே வந்து கேட்டிருக்கிறார். ஊர் நாற்காலி முப்பதை எடுத்துப் போனீர்களே, அது எங்கே? ரஹ்மத்துன்னிசாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. நூலகம் இங்கே வருவதற்கு முன், பழைய அறையில் ஒரு புத்தகக் கண்காட்சி வைத்தபோது, ஊர்ப் பொதுவில் கல்யாணம் காட்சிக்கு என்று வாங்கிவைத்திருந்த முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை இரவல் வாங்கியிருந்தார். அறையைப் பூட்டியபோது உள்ளேயே வைத்துப் பூட்டியாயிற்று. எட்டு மாதம். நடுவில் வசந்தாவின் மூத்த மகளுக்கு வளைகாப்பு வந்து, கோட்டுச்சேரியிலிருந்து நாற்காலி வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.

"ஒங்க பேர யாராச்சும் மைக்குல வாசிச்சோமா டீச்சர்னு கேட்டேன்" என்றார் வசந்தா என்னைப் பார்த்து. "அப்படியே பேயறஞ்ச மாதிரி நின்னாங்க."

ரஹ்மத்துன்னிசா மறுத்துச் சொல்லவில்லை. நிய்யத்து நல்லதாக இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொன்னார். அவர் பேச்சில் நிய்யத்து என்றால் மனதில் வைத்த நோக்கம். மறுநாள் முப்பது நாற்காலியையும் கழுவி, ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். நேரே பஞ்சாயத்தாரிடம் போய், எட்டு மாதம் நாற்காலியைத் திருப்பித் தராதவள் என்று என் பெயரை மைக்கில் வாசியுங்கள் என்றார். அவர்கள் தயங்கினார்கள். பொம்பளை, வெளியூர், கவர்மெண்ட் வேலை, அதெல்லாம் சரிப்படாது என்றார்கள். அறுபத்து மூன்று பேரில் நாற்பது பேர் பொம்பளைதானே என்று இவர் விடவில்லை. வாசிக்காமல் போகமாட்டேன் என்று கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாசித்தார்கள். பெயர், அப்பா பெயர், காரைக்காலில் இருக்கும் தெரு எல்லாம் சொல்லி வாசித்தார்கள். குப்பமே சிரித்ததாம். மறுநாள் வசந்தா மகள் வந்து அதே தையல் புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது அங்கே புத்தகம் எடுக்கிறவர்களே திருப்பித் தரும் நாளைச் சொல்கிறார்கள். ரஹ்மத்துன்னிசா தன் நோட்டில் அதை அப்படியே எழுதிக்கொள்கிறார். நான் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். தடைக்காலம் முடிஞ்சு. மருமகள் பிரசவம் ஆனதும். தீமிதிக்கு மறுநாள். விதிப்படி பதினான்கு நாள்தானே என்று கேட்டேன். பதினான்கு நாளுக்கு ஒருமுறை தானே பதிவேட்டில் புதுப்பித்துக்கொள்வதாகச் சொன்னார். விதியும் மீறவில்லை, யாரையும் துரத்தவுமில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடக்கும் இரண்டு மாதமும் ஆண்கள்தான் அதிகம் எடுக்கிறார்களாம். எல்லாப் புத்தகமும் திரும்பி வருகிறதா என்றால், இல்லை. போன வருடம் ஐந்து வரவில்லை. அதில் ஒன்று கடலில் விழுந்துவிட்டது என்று சொன்னார்கள், நான் நம்பினேன் என்றார்.

மதியம் வசந்தா வீட்டிலிருந்து சோறும் மத்தி மீன் குழம்பும் வந்தது. அந்த அல்சரோடு அதைச் சாப்பிட்டிருக்கக் கூடாது. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது ரஹ்மத்துன்னிசா சாதாரணமாகக் கேட்டார், "ஒங்க ஊர்ல ஒருத்தருமே எடம் தரேன்னு சொல்லலீங்களா?"

இல்லை என்றேன். சொல்லிவிட்டு ஈரக் கையைத் துடைக்காமல் நின்றேன்.

இந்தக் கட்டுரையின் தொடக்கத்திலும் யாரும் இடம் கொடுக்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். அது பொய். மேலே போய்த் திருத்தியிருக்கலாம். அலுப்பு ஒரு பக்கம், நான் எப்படிப் பேசிக்கொண்டு திரிந்தேன் என்பது உங்களுக்கும் தெரியட்டும் என்பது ஒரு பக்கம், விட்டுவிட்டேன். மூன்றாவது மாதமே ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கலியபெருமாள், எங்கள் ஊர் சுமை தூக்கும் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். கடைத்தெருவில் அவர்கள் சங்கத்துக்கு ஓர் அறையும் முன்கூடமும் உண்டு. காலையில் லாரி வரும் நேரம்தான் ஆள் இருப்போம், பதினொரு மணிக்கு மேல் சும்மாதான் கிடக்கிறது, நூலகத்தை வைத்துக்கொள்ளுங்கள், சாவி மட்டும் எங்களிடம் இருக்கட்டும் என்றார். நான் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினேன். பீடிப் புகை, கொடி, சுவரொட்டி, அங்கெல்லாம் பொம்பளைப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எந்தப் பொம்பளைப் பிள்ளையையும் நான் கேட்கவில்லை. வாசகர் வட்டக் கூட்டத்தில் இதைச் சொல்லக்கூட இல்லை. பத்து மாதமாக நான் தேடியது நூலகத்துக்கு இடம் அல்ல, நான் போய் உட்கார்ந்தால் மதிப்பாக இருக்கும் ஓர் இடம்.

எதிரே எட்டு ஆண்கள் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் வாயில் பீடி. அவர்களுக்கு நடுவில்தான் இந்த அம்மாள் முக்காட்டோடு மீன் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார், தினமும். எனக்கு அழுகையாக வந்தது. வயதான காலத்தில் இப்படி ஒரு கடலோரத்தில் நின்று அழுவது நன்றாக இருக்காது என்று முகத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டேன். பிறகு ரஹ்மத்துன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ஒன்பது நாள்.

மூன்று மணிக்கு வலை வேலை முடிந்தது. வலையைச் சுருட்டி எடுத்துப் போனதும், தைத்துக்கொண்டிருந்தவர்களே பெட்டிகளை இறக்கி வரிசையாக வைத்தார்கள். பன்னிரண்டு நிமிடம் ஆனது, நான் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகள் சீக்கிரமே வந்து பெட்டிகளைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். பெட்டி இறக்க நானும் ஒரு கை பிடித்திருந்தேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

திரும்பும்போது திருநள்ளாறு வழி வேண்டவே வேண்டாம் என்று முடிவுசெய்து, 4.30க்குக் காரைக்காலில் மயிலாடுதுறை பஸ் ஏறினேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர், 30 ரூபாய். அங்கிருந்து கும்பகோணம் 28 ரூபாய். உட்கார இடம் கிடைத்தது, தூங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்தபோது எட்டரை மணி தாண்டிவிட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. சனிக்கிழமை போகாதீர்கள். செவ்வாய், புதன் நல்லது. கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மூன்று பக்கமிருந்தும் பஸ் நிறைய உண்டு. குப்பத்துக்கு ஆட்டோவில் போனால் திரும்பும் ஆட்டோவையும் அப்போதே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் என்னைப்போல் முக்கால் மணி நேரம் மணலில் நடந்து போய் ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். தண்ணீர் எடுத்துப் போங்கள். பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வீட்டில் கிடக்கும் பழைய வார இதழ்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் நன்கொடை என்று கொடுக்காதீர்கள், அவர்களுக்கே பெட்டி போதவில்லை. போய்விட்டு வர ஒரு நாள் போதும். எனக்கு ஆன மொத்தச் செலவு, திரும்ப வந்த ஆட்டோ 100 ரூபாயையும் சேர்த்து, 412 ரூபாய்.

நூலகம் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஊரோடு சேர்ந்து வேலை செய்வது என்றால் ஊர் நமக்குக் கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இடம் கொடு, ஆள் கொடு, அலமாரி கொடு. நாம் ஊரிடம் என்ன எடுத்து வைத்துக்கொண்டு திருப்பித் தராமல் இருக்கிறோம் என்று எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. உங்கள் ஊரில் முதலில் அதை விசாரியுங்கள். நாற்காலியாகவும் இருக்கலாம், வாசலில் நிற்கவைத்து அனுப்பிய ஒரு ஆளாகவும் இருக்கலாம்.

எங்கள் நூலகத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இந்தக் கட்டுரை மூன்று வாரம் தள்ளிப்போனது. மறுநாள் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சங்கத்துக்குப் போனேன். கலியபெருமாள் முன்கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த அறை இன்னும் சும்மா இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அன்றைக்கு ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டார். பிள்ளைகள், புகை என்று பழைய கதை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"எனக்கு இங்க வந்து உக்கார கௌரவக் கொறச்சலா இருந்துச்சுங்க" என்றேன்.

"தெரியும் மேடம். அதான் நாங்க மறுபடி வந்து கேக்கல" என்றார். டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். "புக்கு மொத்தம் எத்தன கட்டு வரும்?"